பாயிண்டுகளுக்கு அப்பால்

நீலகிரிக்குப் போய் வந்தவரிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் ஒரு பட்டியல் வரும். தொட்டபெட்டா, போட் ஹவுஸ், ரோஸ் கார்டன், டால்பின் நோஸ். சுற்றுலா வண்டி ஓட்டுநர்கள் இவற்றைப் ‘பாயிண்ட்’ என்பார்கள். விடியற்காலையில் கிளம்பினால் இருட்டுவதற்குள் அத்தனை பாயிண்டையும் முடித்துவிடலாம். ஆனால் ஓர் இடத்தைப் பார்த்துவிட்டேன் என்று மனதறிந்து எப்போது சொல்ல முடியும்? அந்த மலைச் சாலைகளில் போகும்போதெல்லாம் இந்தக் கேள்வி என்னை விடுவதில்லை.

குன்னூரில் ‘லேடி கேனிங் சீட்’ என்றொரு இடம் இருக்கிறது. கவர்னர் ஜெனரலின் மனைவி சார்லட் கேனிங் 1858இல் குன்னூரில் தங்கியிருந்தார். அவர் பெயரே அதற்கு நிலைத்தது. கீழே தேயிலைச் சரிவுகள், எதிரே மலை மடிப்புகள். வருகிறவர்கள் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். அந்த அம்மையார் 1861இல் கல்கத்தாவில் மலேரியாவில் இறந்துபோனார். அந்த நோய்க்கு மருந்தான கொய்னாவைத் தரும் சின்கோனாக் கன்றுகள் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் வேர்விடத் தொடங்கியதும் ஏறக்குறைய அதே காலத்தில்தான். இதைத் தெரிந்துகொண்டு நின்றால் அந்தக் காட்சியின் கனமே வேறு.

ஊட்டி புனித ஸ்டீபன் தேவாலயத்துக்குள் நுழைந்ததும் அண்ணாந்து பாருங்கள். 1829இல் அடிக்கல் நாட்டப்பட்ட அந்தக் கோயிலின் தேக்கு உத்தரங்கள், ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையைப் பிரித்துக் கொண்டுவந்தவை. தோற்ற அரசனின் மரம் வென்றவர்களின் பிரார்த்தனைக்குக் கூரை தாங்குகிறது. ஊட்டியை உருவாக்கிய கலெக்டர் ஜான் சல்லிவன், 1838இல் தன் மனைவியையும் மகளையும் அடுத்தடுத்துப் பறிகொடுத்து இந்த வளாகத்தில்தான் புதைத்தார். அந்த ஊர் அவருக்கும் இலவசமாகக் கிடைக்கவில்லை.

ஏரிக்கு எதிரே நூல் தோட்டம். விநோதமான இடம் என்று பத்து நிமிடத்தில் சுற்றி வந்துவிடுகிறார்கள். ஒரு செம்பருத்தி முன்னால் குனிந்து பாருங்கள். இதழின் ஓரம் வெளிறி, நடுவில் சிவப்பு ஏறி, காம்புக்கருகே கருக்கிறது. அத்தனையும் நூலின் நிறம். ஊசி இல்லை, இயந்திரம் இல்லை, கையால் சுற்றியது. ஐம்பது பெண்கள் பன்னிரண்டு ஆண்டுகள் உட்கார்ந்து செய்த வேலை அது.

கூடலூர் சாலையில் நடுவட்டத்துக்கு வந்தால் பழைய சிறை ஒன்று, இப்போது அருங்காட்சியகமாக. சின்கோனாத் தோட்ட வேலைக்குக் கொண்டுவரப்பட்ட சீனக் கைதிகளை அடைத்த இடம். விடுதலையான பிறகும் சிலர் ஊர் திரும்பவில்லை. தமிழ்ப் பெண்களை மணந்து, காய்கறியும் காப்பியும் பயிரிட்டு, மாடு வளர்த்து இங்கேயே வாழ்ந்ததை மானுடவியலாளர் எட்கர் தர்ஸ்டன் எழுதிவைத்திருக்கிறார். சுற்றிலும் விரியும் அரசின் ‘டேன்டீ’ தேயிலைத் தோட்டங்களுக்கும் இதுபோன்ற கதை உண்டு. 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் இலங்கை மலையகத் தமிழர்களில் லட்சக்கணக்கானோரை இந்தியாவுக்கு அனுப்பியது. அப்படித் தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை தரவே அரசு 1968இல் இந்தத் தோட்டங்களைத் தொடங்கியது. பாட்டன் காலத்திலிருந்து கொழுந்து பறித்த மலையை விட்டு, பார்த்தறியாத இன்னொரு மலைக்கு வந்து கொழுந்து பறித்தார்கள். அந்த ஒப்பந்தத்தைப் போட்டபோது இரண்டு அரசுகளும் அவர்களைக் கேட்கவில்லை.

இந்த இடம் இப்படி இருப்பதற்கு யார் எதைக் கொடுத்தார்கள் என்று கேட்டுப் பதில் தெரிந்துகொண்ட பிறகே ஓர் இடத்தைப் பார்த்தேன் என்று சொல்ல நமக்கு உரிமை வருகிறது. மனிதர்களைப் பார்ப்பதற்கும் இதுவே முறை என்று நம்புகிறேன். அடுத்த முறை மலையேறும்போது பட்டியலில் பாதியை அடித்துவிடுங்கள். மிச்சமாகும் நேரத்தில் நடுவட்டத்தில் வண்டியை நிறுத்துங்கள். அந்தச் சிறைக்குள் போய்ப் பாருங்கள். வெளியே வந்ததும், கொழுந்து பறிக்கும் அம்மாவிடம் அவருடைய பூர்வீகம் எது என்று கேளுங்கள்.