களிமண்மேல் ஓர் இரவு

மாலை சாய்ந்த பிறகு சிவிட்டாவின் பாலத்தில் நடப்பவர்கள் பெரும்பாலும் ஒரே திசையில்தான் நடக்கிறார்கள். ஊரைவிட்டு வெளியே போகும் திசை அது. ரோம் நகருக்கு வடக்கே, விட்டெர்போ மாவட்டத்தில், பள்ளத்தாக்கின் நடுவே தனித்து நிற்கும் குன்றின் உச்சியில் இருக்கிறது இந்த ஊர். முழுப்பெயர் சிவிட்டா டி பான்யோரேஜோ. கார் போகாது, 1965இல் கட்டிய நடைபாலம் ஒன்றுதான் அதை வெளியுலகத்தோடு சேர்க்கிறது. பகலெல்லாம் தோளோடு தோள் இடித்த தெருக்களில், இருட்டியதும் எஞ்சுபவர்கள் மிகச் சிலர்: உள்ளூர்க்காரர்கள், உணவகத்தைக் கழுவிவிடுபவர்கள், அன்றிரவுக்கு அறை எடுத்துத் தங்கும் நம்மைப் போன்றவர்கள். ஆண்டு முழுவதும் அங்கேயே குடியிருப்பவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர்தான்.

பகலில் ஓர் ஊரைப் பார்ப்பதற்கும் இரவில் அதே ஊரில் படுப்பதற்கும் என்ன வேறுபாடு? கேட்கும்போது அற்பமாகத் தோன்றும் கேள்வி. சில மணி நேரம், ஒரு படுக்கை, கூடுதலாகக் கொஞ்சம் பணம் என்று பதில் சொல்லிவிடலாம். ஆனால் சில இடங்கள் அற்பமான கேள்வியை அப்படியே விட்டுவைப்பதில்லை. சிவிட்டா அத்தகைய இடம்.

இந்தக் குன்று இரண்டு அடுக்குகளால் ஆனது. அடியில் இருப்பது களிமண்; கடல் இங்கே இருந்த காலத்தில் படிந்தது. அதன்மேல் இருப்பது எரிமலைச் சாம்பல் இறுகிப் பாறையான அடுக்கு. அருகிலுள்ள பொல்சேனா ஏரியைச் சுற்றிலும் ஒரு காலத்தில் குமுறிய எரிமலைகள் அதைக் கொட்டின. வீடுகள் நிற்பது பாறையின்மேல். பாறை நிற்பது களிமண்ணின்மேல். மழையும் பள்ளத்தாக்கின் ஓடைகளும் களிமண்ணைக் கரைக்கக் கரைக்க, மேலே இருக்கும் பாறைக்கு முட்டுக்கொடுக்க எதுவும் இல்லாமல் போகிறது. ஒரு நாள் விளிம்பு பிளந்து, ஒரு துண்டு கீழே இறங்கிவிடுகிறது. எட்ருஸ்கர்கள் இங்கே குடியேறி 2500 ஆண்டுகளுக்குமேல் ஆகிறது. அன்றிலிருந்தே ஊர் குறுகிக்கொண்டுதான் வருகிறது. நிலச்சரிவுகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் ஊருக்குள் இருக்கிறது. தன் நோயின் வரலாற்றைத் தானே எழுதிச் சட்டமிட்டு மாட்டிவைத்திருக்கும் ஊரை வேறெங்கும் காண்பது அரிது.

1695இல் வந்த நிலநடுக்கத்துக்குப் பிறகு ஆயர் தம் இருக்கையை எதிரே இருந்த புறநகருக்கு மாற்றிக்கொண்டார். நிர்வாகமும் அங்கே போயிற்று. அந்தப் புறநகர்தான் இன்றைய பான்யோரேஜோ. தாய் ஊர் சிறுத்து, அதன் புறநகர் வளர்ந்து, கடைசியில் தாயையே தன் பெயரால் அடையாளம் காட்ட வேண்டிய நிலை. மக்கள் அச்சத்தால் ஒரே நாளில் ஓடிவிடவில்லை. பிழைப்பும் பள்ளிக்கூடமும் எந்தப் பக்கம் இருந்தனவோ அந்தப் பக்கம் குடும்பம் குடும்பமாகப் போனார்கள். ஊர்கள் காலியாவது உலகெங்கும் இப்படித்தான். பேரழிவு காரணமாகச் சொல்லப்படும். உண்மைக் காரணம் அன்றாடம்.

ஊர்வாசலைத் தாண்டியதும் ஒரு மாளிகையின் முகப்பு. நேராக நின்று பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. செதுக்கிய கல் நிலைகள், வரிசையான சன்னல்கள், செல்வந்தர் வீட்டுக்குரிய நிதானம். கொஞ்சம் நகர்ந்து சன்னலுக்குள் பார்வையைச் செலுத்தினால் அறையைக் காணவில்லை. வானம் தெரிகிறது. மாளிகையின் மற்ற பகுதிகள் பள்ளத்தாக்குக்குள் எப்போதோ இறங்கிவிட்டன. உட்புறம் இல்லாத முகப்பு அது. பகலில் வருபவர்கள் அதன்முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள், நாமும் எடுக்கிறோம். எடுத்து முடித்த பிறகுதான் ஒரு சங்கடம் தட்டுகிறது: பார்வையாளனுக்கு முகப்பே போதும். உள்ளே அறை இருக்கிறதா, அதில் யாராவது தூங்குகிறார்களா என்பதைப் பற்றி அவனுக்குக் கவலையில்லை.

இந்தச் சங்கடத்தை ஊரே வேறொரு வகையில் சந்தித்துக்கொண்டிருக்கிறது. 2013இல் நுழைவுக் கட்டணம் விதித்தார்கள். முதலில் ஒன்றரை யூரோ, பிற்பாடு 5 யூரோ ஆயிற்று. கட்டணம் போட்டால் கூட்டம் குறையும் என்பது பொதுப்புத்தி. இங்கே தலைகீழாக நடந்தது. சில ஆண்டுகளுக்குள் வருவோர் தொகை ஆண்டுக்குப் பல லட்சங்களாக ஏறிவிட்டது. சாகும் ஊர் என்று பெயர்பெற்றதே அதற்கு விளம்பரமாக அமைந்தது. அந்தப் பணத்தால் பான்யோரேஜோவுக்கு வேலை கிடைத்தது, பராமரிப்புக்கு வழி பிறந்தது. நுழைவுச்சீட்டு கேட்கும் ஊரைப் பழிப்பது எளிது. நான் பழிக்க மாட்டேன். கரையும் குன்றைத் தாங்கிப் பிடிக்க இரும்பும் பொறியாளரும் வேண்டும், இரண்டும் இலவசமாகக் கிடைப்பதில்லை. ஆனாலும் ஒன்றைக் கவனிக்காமல் இருக்க முடியவில்லை. லட்சக்கணக்கானவர்கள் வந்துபோகும் ஊரில் இரவு அடுப்பணைத்துப் படுப்பவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர். பார்க்கப்படுவதால் ஓர் ஊர் பிழைத்துக்கொள்ளலாம். பிழைத்திருப்பதும் வாழ்வதும் ஒன்றுதானா?

இந்தக் கேள்விக்குச் சிவிட்டாவின் மக்களே பழைய பதில் ஒன்றை வைத்திருக்கிறார்கள். அதை எந்தத் தத்துவ நூலுக்கும் குறையாத ஒன்றாக நான் மதிக்கிறேன். ஊர்ச் சதுக்கத்தில் இருக்கும் சான் டொனாத்தோ ஆலயத்தில் 15-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த, மரத்தால் ஆன பாடுபட்ட சுரூபம் ஒன்று உண்டு. பெரிய வெள்ளியன்று அதைப் பவனியாக எடுத்துக்கொண்டு பான்யோரேஜோவுக்குப் போகிறார்கள். ஆயரும் அதிகாரமும் சந்தையும் என்றோ அக்கரைக்குப் போய்விட்டன. ஆண்டுக்கொரு முறை ஆண்டவரும் போகிறார். ஆனால் நள்ளிரவுக்குள் சுரூபம் சிவிட்டாவுக்குத் திரும்பிவிட வேண்டும். திரும்பாவிட்டால் அது பான்யோரேஜோவுக்கே சொந்தமாகிவிடும் என்பது வழிவழியாக வரும் நம்பிக்கை.

இந்த நம்பிக்கைக்குள் இருக்கும் நியாயத்தைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். பகல் முழுதும் அக்கரையில் இருக்கலாம். ஆயிரம் பேர் வணங்கலாம். மாலையும் மெழுகுவர்த்தியும் அங்கேயே செலுத்தலாம். அதனாலெல்லாம் உரிமை மாறாது. இரவு எங்கே கழிகிறதோ அங்கேதான் உரிமை. பத்திரமும் பட்டாவும் எழுதத் தெரியாத மனிதர்கள்கூட இதை அறிந்திருந்தார்கள் போலும்.

ஏன் இரவுக்கு இந்த அதிகாரம்? பகலில் நாம் இடத்தைக் கேள்வி கேட்கிறோம்: உன்னிடம் என்ன இருக்கிறது, எது பழமையானது, எதைப் பார்க்க வேண்டும் என்று. இரவில் இடம் நம்மைக் கேட்கத் தொடங்குகிறது. சன்னல் கொக்கி மாட்டியிருக்கிறதா, மழை வந்தால் எந்தப் பக்கம் ஒழுகும், பக்கத்து வீட்டு முதியவருக்கு மூச்சுத்திணறினால் பாலம் கடந்து மருத்துவரை யார் அழைத்துவருவது, விளிம்பில் கேட்ட சத்தம் காற்றா, கல் உருளும் ஓசையா? பகலின் கேள்விகளுக்குக் கையேடு பதில் சொல்லும். இரவின் கேள்விகளுக்கு ஓர் ஆள் எழுந்துபோய்ப் பதில் சொல்ல வேண்டும். உடைமை என்பதன் வேர் இங்கே இருப்பதாகத்தான் தோன்றுகிறது. ஒன்று நமக்குச் சொந்தம் என்றால் அதன் சுகத்தை அனுபவிக்கும் உரிமை நமக்கு உண்டு என்று எண்ணிப் பழகிவிட்டோம். ஆனால் அகாலத்தில் அது கூப்பிட்டால் எழுந்திருக்கும் கடமையே சொந்தத்தின் முதல் அடையாளம். தாய்க்குக் குழந்தை சொந்தமாவது அப்படித்தான்.

சிவிட்டாவில் பிறந்தவர்களில் உலகறிந்தவர் புனித பொனவெந்தூர். இளமையிலேயே ஊரைவிட்டுப் பாரிஸ் போனார். 1257இல் பிரான்சிஸ்கன் சபையின் தலைவரானார். 1274இல் லியோன் நகரில் திருச்சபையின் பொதுச்சங்கம் கூடியிருந்தபோது இறந்தார். அவர் பிறந்த வீடு இன்று இல்லை, அதையும் பள்ளத்தாக்கு வாங்கிக்கொண்டது. 1259இல் லா வெர்னா மலையில் இருந்தபோது அவருக்குள் உருவான நூல், மனம் படிப்படியாக இறைவனை நோக்கி ஏறும் பயணத்தைச் சொல்வது. மனிதனை அவர் வழிப்போக்கனாகவே பார்த்தார். இவ்வுலகம் தங்கிச் செல்லும் இடம் என்பது அவர் காலத்துக்கும் நம் மரபுக்கும் பொதுவான பார்வை. ஆனால் அந்த நூலில் நம் கவனத்துக்குரியது ஒன்று உண்டு. ஏணியின் கீழ்ப்படியாக அவர் வைப்பது கண்ணால் காணும் இந்த உலகத்தையே. படைப்புகளில் இறைவனின் சுவடு பதிந்திருக்கிறது, அங்கே கால்வைக்காமல் மேலே ஏற முடியாது என்பது அவர் நிலை. கால் வைத்த இடம் களிமண் என்பதை அறியாதவரா அவர்? அந்த மண்ணில் தவழ்ந்தவர் அல்லவா!

நிலையாமையை நாம் வெகுகாலமாக அறிவோம். செல்வமும் இளமையும் யாக்கையும் நில்லா என்று நம் முன்னோர் சொன்ன அளவுக்கு வேறு யாரும் அழுத்தமாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். அந்த அறிவிலிருந்து நாம் பெரும்பாலும் எடுத்த முடிவு துறவு: நில்லாதது எதுவோ அதிலிருந்து மனத்தை விலக்கு. உயர்ந்த முடிவுதான். ஆனால் அதே அறிவிலிருந்து இன்னொரு முடிவுக்கும் வரலாம் என்பதைக் கரையும் ஊரில் கழியும் ஓர் இரவு காட்டுகிறது. அழியவே அழியாத ஒன்று இருந்தால் அதற்கு நம் காவல் எதற்கு, நம் விளக்கும் கதவும் கவலையும் எதற்கு. தானாகவே நிலைத்திருக்கும் பாறைக்கு யாரும் முட்டுக்கொடுப்பதில்லை, சாகாதவனுக்கு யாரும் கஞ்சி காய்ச்சித் தருவதில்லை. ஆகவே அன்பு என்றும் பொறுப்பு என்றும் நாம் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் எல்லாமே, காக்கப்படும் பொருள் ஒரு நாள் கைநழுவிப் போகும் என்ற உண்மையின்மேல்தான் கட்டப்பட்டிருக்கின்றன, அந்த உண்மையை நீக்கிவிட்டால் மிஞ்சுவது கடமையற்ற நித்தியம் மட்டுமே. அதில் தெய்வங்கள் வாழலாம், மனிதர்கள் வாழ முடியுமா என்பது ஐயம்.

இத்தனையும் சொன்ன பிறகு, அறை எடுத்துத் தங்கும் நம்மைப் பற்றியும் நேர்மையாகப் பேச வேண்டும். காசு கொடுத்துப் படுத்த ஓர் இரவு நம்மை ஊர்க்காரர் ஆக்கிவிடாது. நாம் படுத்த அறை ஒரு காலத்தில் ஒரு குடும்பத்தின் அறை. அவர்கள் போனதால் நமக்குக் கட்டில் கிடைத்தது. மழையில் கூரை ஒழுகினால் நாம் விடுதிக்காரரிடம் புகார் சொல்வோம், அவர் கூரைமேல் ஏறுவார். வித்தியாசம் அவ்வளவு துலக்கமானது. கோடைக்கும் வாரக்கடைசிக்கும் வீடு வாங்கி வைத்திருக்கும் பணக்காரர்களும் நம் கட்சிதான், நம்மைவிடக் கொஞ்சம் நீளமாகத் தங்குகிறார்கள், அவ்வளவே. ஆனாலும் அந்த ஓர் இரவு வீணென்று சொல்ல மாட்டேன். இடத்தின் கேள்விகள் ஒரு முறையாவது காதில் விழுகின்றன. பதில் சொல்ல வேண்டியவன் நானல்ல என்ற ஆறுதலோடு திரும்பிப் படுக்கிறோம். அந்த ஆறுதலே உறுத்துகிறது. வேறெங்கோ பதில் சொல்ல வேண்டியவன் நான்தானே என்ற நினைப்பு அதன் பின்னாலேயே வருகிறது.

நம்மில் பலருக்கு ஏதோ ஓர் ஊரில் பூட்டிக் கிடக்கும் வீடு ஒன்று இருக்கிறது. திருவிழாவுக்கோ துக்கத்துக்கோ போகிறோம்; பூட்டைத் திறந்து, ஒட்டடையைப் பார்த்துப் பெருமூச்சுவிட்டு, திண்ணையில் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு, கடைசி பஸ்ஸுக்கோ ரயிலுக்கோ நேரமாயிற்று என்று கிளம்பிவிடுகிறோம். அடுத்த முறை போகும்போது ஒரு பாயும் போர்வையும் எடுத்துப் போங்கள். அன்றிரவு அங்கேயே படுங்கள்.