இன்னாரின் ஆசிரியர்

ஓர் ஆசிரியரைப் புகழ நம்மிடம் ரெடிமேடாக ஒரு வரி இருக்கிறது: ‘எத்தனை பேரை உருவாக்கியிருக்கார் பாருங்க!’ கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவரே ஒரு கலைஞராகவும் இருந்தால்? அந்த வரி அவருக்குப் போடும் மாலையா, இல்லை அவருடைய படைப்பை மறைக்கும் திரையா?

சிட் கிராஸ்மன் என்ற புகைப்படக்காரர் இந்தக் கேள்வியை எனக்குள் கிளப்பினார். 1936-ல் நியூயார்க்கில் சோல் லிப்சோனுடன் சேர்ந்து ‘ஃபோட்டோ லீக்’ அமைப்பைத் தொடங்கியவர். குறைந்த கட்டணத்தில் அங்கே நடந்த பள்ளியின் உயிர்நாடி அவர்தான். ஆர்தர் லைப்சிக், ரெபெக்கா லெப்காஃப், லியான் லெவின்ஸ்டீன் எல்லாம் அவரிடம் படித்தவர்கள். வகுப்பில் மகா கறார். படம் நன்றாக இருக்கிறதா என்பதோடு விடமாட்டார். இதை ஏன் எடுத்தாய், இதில் நீ எங்கே என்று குடைவார். காயப்பட்டுப் போனவர்களும் உண்டு.

1947 டிசம்பரில் அமெரிக்க அரசு லீகைத் தன் சந்தேகப் பட்டியலில் சேர்த்தது. லீகில் உறுப்பினராக இருந்துகொண்டே எஃப்பிஐ-க்குத் தகவல் கொடுத்துவந்த ஏஞ்சலா கலோமிரிஸ், 1949-ல் நீதிமன்றத்தில் கிராஸ்மனைக் கம்யூனிஸ்ட் என்று பெயர் சொன்னார். 1951-ல் லீக் மூடப்பட்டது. 1955-ல், 42 வயதில், கிராஸ்மன் இறந்துபோனார்.

மென்பொருள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அதை எழுதியவர் பெயர் நிற்கும். ‘இந்த நாற்பது வரியும் வேண்டாம், தூக்கிடு’ என்று சொன்னவர் பெயர் அந்த வரிகளில் இருக்காது. நல்ல ஆசிரியரின் உழைப்பும் அப்படித்தான்: மாணவர் எடுக்காமல் விட்ட படங்களில் இருக்கிறது. அதனால் அவரை மாணவர்கள் வழியாக நினைவுகூர்வதில் நியாயம் இருக்கிறது, இல்லையா?

பாதி நியாயம்தான். மாணவர்களின் புகழை வைத்து ஆசிரியரை அளந்தால், புகழ் பெறாமல் போன மாணவருக்குச் செலவழித்த மாலைப்பொழுதுகள் கணக்கிலேயே வராது. கூடவே, கிராஸ்மன் அடுத்தவர் படத்தைத் திருத்தியவர் மட்டுமில்லை. 1947-ல் கோனி ஐலண்ட் கடற்கரையில் அவர் எடுத்த படங்களைப் பாருங்கள். இளைஞர்கள் ஒருவர்மேல் ஒருவர் சரிந்து கிடக்கிறார்கள். கைகளும் கால்களும் சட்டத்தின் விளிம்பில் வெட்டுப்படுகின்றன. அவ்வளவு நெருக்கத்தில் போய் நின்றிருக்கிறார். அடுத்த வருடம் மல்பெரி தெருத் திருவிழாவில் தெளிவையே கைவிட்டு, கலங்கலில் முகங்களைத் தேடுகிறார்.

அரசு போட்டது ஒரு பட்டியல். நாம் போடுவது மாணவர்களின் பட்டியல். இரண்டும் ஒன்றல்ல, ஒன்று பழி, மற்றது நன்றி. ஆனால் இரண்டிலுமே அவருடைய படம் இல்லை.

அப்படியென்றால் மரியாதை எது? அவர் வகுப்பில் கேட்ட அதே கேள்விகளோடு அவர் படத்தின் முன்னால் நிற்பது. இதை ஏன் எடுத்தீர்கள், இதில் நீங்கள் எங்கே? பிடிக்கவில்லை என்றால் அதையும் சொல்லலாம். தெய்வமாக்கிவிட்ட குருவிடம் அப்படிப் பேச முடியாது. சக கலைஞரிடம் முடியும்.