உடைவாளும் தோள்சீலையும்

நவராத்திரிக்கு முன்பு ஒவ்வோர் ஆண்டும் பத்மநாபபுரம் அரண்மனையின் உப்பரிகை மாளிகையில் ஓர் உடைவாள் கைமாறும். தேவாரக்கட்டு சரஸ்வதியும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் வேளிமலைக் குமாரசுவாமியும் திருவனந்தபுரத்துக்குப் புறப்படுவார்கள். மன்னரின் வாளும் கூடவே போகும். இரு மாநிலக் காவலர்களும் துப்பாக்கி ஏந்தி அணிவகுப்பு மரியாதை செய்வார்கள். நாம் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த அமைச்சர்கள் பக்கத்தில் நிற்பார்கள். இரணியலில் இருந்து தக்கலை கிட்டத்தில்தான் என்பதால், ஆச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு பலமுறை போய்ப் பார்த்திருக்கிறேன்.

வகுப்பில் ஒருமுறை இதைச் சொன்னபோது ஒரு மாணவி கேட்டாள்: "ராஜாதான் இப்ப இல்லியே மிஸ், பெறவு யாருக்கு சல்யூட்?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டுப் பாடத்துக்குத் திரும்பிவிட்டேன். அந்தக் கேள்வி மட்டும் என்னை விடவில்லை.

ஆளாத மன்னர் தலையில் முடி மட்டும் இருந்தால் என்ன கெட்டுப்போகும்? இங்கிலாந்திலும் ஜப்பானிலும் நார்வேயிலும் இருக்கிறதே என்பார்கள். நம் ஊரிலும் ஏழு ஆண்டுகள் இருந்தது, பலருக்கு நினைவில்லை. 1949 ஜூலை 1 அன்று திருவிதாங்கூர்-கொச்சி உருவானபோது சித்திரைத் திருநாள் மகாராஜா அதன் ராஜப்பிரமுகர் ஆனார். 1750இல் மார்த்தாண்ட வர்மா நாட்டையே பத்மநாப சுவாமிக்கு ஒப்படைத்து, தாம் அவருடைய தாசனாக ஆள்வதாக அறிவித்தவர். அந்த வழியில் வந்தவர் இன்னொருவருக்கு உறுதிமொழி எடுக்க முடியாது என்று தயங்கினார். கடைசியில் உறுதிமொழிக்குப் பதில் ஒரு கடிதம் போதும் என்று டெல்லி இறங்கி வந்தது. குடியரசு தன் முதல் படியிலேயே கொஞ்சம் குனிந்ததாக எனக்குப் படுகிறது.

ஆனால் 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் தமிழர்களைச் சுட்டது முடியாட்சி இல்லை. பட்டம் தாணுப்பிள்ளையின் அமைச்சரவையின் காவல்துறை. மேலே இருந்த முடி சுடவும் இல்லை, தடுக்கவும் இல்லை. ஆகவே எல்லாப் பழியையும் மன்னர் தலையில் கட்ட நான் வரவில்லை. நார்வேப் பெண்களுக்கு 1913இலேயே மன்னரின் கீழ் முழு வாக்குரிமை கிடைத்தது. மன்னரே இல்லாத சுவிட்சர்லாந்தில் பெண்கள் தேசிய அளவில் வாக்களிக்க 1971 வரை காத்திருந்தார்கள். முடியை இறக்கிவிட்டால் ஆணாதிக்கமும் கூடவே இறங்கிவிடும் என்று நம்ப எனக்கும் ஆசைதான்.

பெண் அரியணையில் இருந்தால்? இங்கே மருமக்கத்தாயம். அரசுரிமை சகோதரி வயிற்றின் வழியே போகும். அரியணை அவள் பெற்ற ஆண்பிள்ளைக்கு. பையன் வளரும்வரை பெண் பொறுப்பு ராணி. அப்படி ஆண்ட கௌரி பார்வதி பாயிதான் 1817இல் கல்விச் செலவை அரசே ஏற்கும் என்று ஆணையிட்டார். நல்ல ஆணை. அவர் ஆட்சியில்தான் 1829இல் நாடார் பெண்கள் மேல்சீலை அணியக் கூடாது என்ற விளம்பரமும் வந்தது. ஒரு பெண்ணின் பெயரால் இன்னொரு பெண்ணின் தோளில் இருந்து துணி இறங்கியது. வாசித்தபோது எனக்கு ராணி மேல் வந்த கோபத்தைவிட, அவரை நம் முன்னோடிகள் வரிசையில் வைத்துப் பேசிய என் பழைய மேடைப் பேச்சு மேல்தான் கூச்சம் வந்தது.

தோள்சீலைப் போராட்டத்தைப் பற்றி ஆச்சி சொன்னது ஒரே வாக்கியம்: "பொன்னுதம்புரான் உத்தரவு தந்தாரு, நாங்க சீல உடுத்தோம்." அவளுக்கு அவளுடைய ஆச்சி சொன்னதாம். சந்தையில் ரவிக்கை கிழிக்கப்பட்ட பெண்கள், பிறகும் அதையே உடுத்திக்கொண்டு மறுசந்தைக்குப் போனவர்கள், எரிந்த வீடுகள், சென்னை கவர்னர் ட்ரெவெலியன் கொடுத்த நெருக்கடி, ஒன்றும் அந்த வாக்கியத்தில் இல்லை. தம்புரான் தந்தார், அவ்வளவுதான். அவர் தந்ததும் முழுசாக இல்லை. 1859 ஜூலை 26 விளம்பரம் மாரை மறைக்கலாம் என்றது. உயர்சாதிப் பெண்களைப் போல மறைக்கக் கூடாது என்றும் சொன்னது. வீட்டுச் செலவுக்குக் காசு வாங்கும் பெண்களுக்கு இது புரியும். தருகிறவர் எதற்கு, எவ்வளவு என்பதையும் சேர்த்தே தருவார். உரிமை என்றால் கணக்குக் கேட்கலாம், அருள் என்றால் கும்பிடத்தான் வேண்டும்.

முடி ஆளாவிட்டாலும் இந்தக் கும்பிடு மிஞ்சிவிடுகிறது. 1971இல் 26ஆவது திருத்தம் மன்னர் மானியத்தையும் பட்டங்களையும் எடுத்துவிட்டது. மொழியில் இருப்பதை எந்தத் திருத்தத்தால் எடுப்பது? இன்றும் எம்.எல்.ஏ. 'வழங்குகிறார்', அரசு 'கருணை' காட்டுகிறது, நம் வரிப்பணத்தில் வந்த மிதிவண்டியை மாணவிகள் குனிந்து வாங்குகிறார்கள். ஊர்வலத்தை நிறுத்தச் சொல்லவில்லை. முன்னுதித்த நங்கை ஊர் தாண்டிப் போவதைப் பார்க்க எனக்கும் பிடிக்கும். துப்பாக்கி தாழ்த்தும் மரியாதைதான் உறுத்துகிறது.

சென்ற பருவத்தில் அந்த விளம்பரத்தின் செய்தியை வகுப்பில் சொன்னேன். அதே மாணவி கை தூக்கினாள்.

"அதுல அடி வாங்கின பொம்பளைய பேரு ஏதாச்சும் உண்டா மிஸ்?"

"இல்லை" என்றேன். அவள் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள்.