முதிர்ந்த கையும் புதிய நரம்பும்

ஆண்டு முதிர்ந்தபின் இசைக்கருவி பயிலத் தொடங்குதல் வீண்முயற்சியோ என்பது ஈண்டு ஆராயற்பாலது. ஆரணியிற் பட்டு நெய்யும் அன்பரொருவர், பிடிலிற் கேட்டுத் திளைத்த தேவாரப் பண்களை நாற்பதாம் வயதில் மாண்டலினில் வாசிக்கப் புகுந்தாரெனக் கொள்வோம்.

மாண்டலினின் 8 தந்திகளும் இரண்டிரண்டாக இணைந்து, பிடிலின் 4 தந்திகளைப் போலவே மேனாட்டு முறையிற் சுருதி கூட்டப்படும். ஆகலின் விரல் செல்லும் நெறி ஒன்றே. ஆயினும், வில் இழுக்குமளவும் பிடிலின் நாதம் நிற்கும்; மாண்டலினில் மீட்டியவுடன் தேயும். மெட்டுக்கள் இருத்தலின் கமகமும் எளிதின் வாராது.

“அங்ஙனமாயின் அது பண்ணுக்கு இழுக்கன்றோ? மாண்டலினைக் கருநாடக இசைக்கு உரியதாக்கிய சீனிவாஸ் (1969–2014) சிறுவராயிருந்தே பயின்றாரன்றோ?” எனின், கூறுதும். திருத்தருமபுரத்தில் ஆளுடைய பிள்ளையார் அருளிய யாழ்மூரி கருவியில் அடங்காதாக, திருநீலகண்ட யாழ்ப்பாணர் யாழை உடைக்க ஓங்கினார். பிள்ளையார் தடுத்து, அக்கருவியிலேயே இயன்றவாறு வாசிக்கப் பணித்தருளினாரெனப் பெரியபுராணம் கூறும். எனவே, கருவியின் குறை தொண்டின் குறையாகாது.

இயன்றவாறு என்பது சோம்பலுக்கு இடனன்று. தறியில் இழையொன்று அற்றால் நெய்வோர் பாவினை எறிவதுமிலர். அற்றதைக் காணார்போல் மேற்செல்வதுமிலர். நிறுத்தி முடிந்தே நெய்வர். பிழைத்த சுரத்தையும் அவ்வாறே திருத்துதல் வேண்டும்.

இதன்கண் பெரும்பயன் ஒன்றுண்டு. தறியில் ஆசானாயிருந்தவர் தந்தியில் மாணாக்கராகுங்கால், ‘யான் வல்லேன்’ என்னும் செருக்குத் தேய்கின்றது. சார்ந்ததன் வண்ணமாதல் உயிரின் இயல்பாகலின், நாடோறும் பதிகத்தைச் சாரும் உயிர் அதன் வண்ணமாகும். புகழ் வேண்டுவார்க்கே முதுமை தடையாம். தொண்டு வேண்டுவார்க்கு அன்று.