பெயர் வினையான கதை

பெயர்ச்சொல் வேறு, வினைச்சொல் வேறு என்று இளமையில் இலக்கணம் பயின்றோம். ஆயினும் ஒருவருடைய பெயரே வினைச்சொல்லாகிவிடுவதும் உண்டு. 1880இல் அயர்லாந்தில், நிலக்கிழார் ஒருவரின் காரியஸ்தராயிருந்த கேப்டன் பாய்காட் என்பவரை ஊரார் ஒன்றுகூடி விலக்கிவைத்தனர்; 'பாய்காட்' என்னும் சொல் பிறந்தது. அவ்வழியில் வந்த மற்றோர் ஆங்கில வினைச்சொல் 'போர்க்'. பதவிக்கு முன்மொழியப்பட்ட ஒருவரை, அது கிட்டாமற் செய்யும் நோக்குடன் இடைவிடாது பழித்துரைத்தல் என்பது அதன் பொருள். இரு சொற்களிலும் செய்தவர் பெயர் நிலைக்கவில்லை. செய்யப்பட்டவர் பெயரே நிலைத்தது.

ராபர்ட் போர்க் அமெரிக்க நாட்டுச் சட்ட அறிஞர், நீதிபதி. 1987 ஜூலை முதல் நாள் அதிபர் ரீகன் அவரை உச்ச நீதிமன்றப் பதவிக்கு முன்மொழிந்தார். ஒரு மணி நேரங்கூடக் கழியவில்லை; செனட் அவையில் எட்வர்ட் கென்னடி எழுந்தார். போர்க் விரும்பும் அமெரிக்காவில் கறுப்பின மக்கள் உணவகங்களில் மீண்டும் தனியே அமர வேண்டிவரும் என்று முழங்கினார். எதிர்ப்பு நாடெங்கும் பரவியது. அக்டோபர் 23ஆம் நாள் 58க்கு 42 என்ற வாக்கில் செனட் அவரை மறுத்தது.

இது திறனாய்வா, பழிதூற்றலா? உணவகம், விடுதி முதலிய இடங்களில் நிறவேற்றுமையைத் தடுக்கவிருந்த சட்டத்தை எதிர்த்து 1963இல் போர்க் கட்டுரை எழுதியது மெய். அக்கருத்தைத் தாம் கைவிட்டதாக 1973இல் செனட் குழுவின் முன் அவரே கூறியதும் மெய். முன்னதை உரக்கச் சொல்லிப் பின்னதை விழுங்கியவர்கள் பொய்யுரைத்தாரல்லர். ஆயினும் நீதி செய்தாரல்லர்.

மறுபக்கமும் உண்டு. அந்தரங்கத்திற்குப் பொதுவான உரிமை எதனையும் அமெரிக்க அரசியல் சட்டம் வழங்கவில்லை என்ற கருத்தை அவர் கைவிடவேயில்லை. நீதிபதியாக வரவிருப்பவரின் அக்கருத்தை எதிர்த்தது முறையே. ஆனால் அதே நாட்களில் ஒரு வார இதழ், அவர் வீட்டினர் வாடகைக்கு எடுத்த திரைப்பட வீடியோ கேசட்டுகளின் பட்டியலைக் கடையிலிருந்து பெற்று வெளியிட்டது. அதில் இழுக்கு எதுவுமில்லை. எனினும் செனட்டர்களே திடுக்கிட்டனர். 1988இல் அத்தகைய பட்டியல்களைக் காக்கத் தனிச்சட்டமே பிறந்தது. எழுத்தை ஆராய்வது வேறு, இல்லத்தை எட்டிப் பார்ப்பது வேறு அன்றோ?

இங்கு நாம் கருதவேண்டியது ஒன்று. 'போர்க்' என்று சொல்வோர் பெரும்பாலும் அவர் பக்கம் நின்றோரே. முறையாக மறுத்தவரையும் முறைகேடாகத் தூற்றியவரையும் அச்சொல் ஒரே தட்டில் வைத்துவிடுகிறது. அநீதியான பழியைக் குறிக்கப் பிறந்த சொல்லே அநீதியான பழியாகிவிடுகிறது!

வள்ளுவர் புறங்கூறாமைக்கு ஓர் அதிகாரமே வகுத்தார். போர்க்கை எவரும் புறங்கூறவில்லை, அவையிலேயே கூறினர். முகத்துக்கு நேரே சொன்னால் மட்டும் போதாது என்பதை இவ்வரலாறு காட்டுகிறது. நம் சங்கப் பொதுக்குழுவிலும், நம் இல்லங்களிலும், பத்தாண்டுக்கு முன் ஒருவர் சொன்னதை இன்றும் சுமத்துகிறோம். அவர் பிறகு சொன்னதை மறந்துவிடுகிறோம். மறுப்பதற்கு நமக்கு உரிமையுண்டு. மறுக்குமுன், அவருடைய இறுதிச் சொல் எதுவோ அதனையும் அவையறியக் கூறிவிடுதல் நம் கடமை.