காத்தலும் கொடுத்தலும்

ஒன்றைக் காப்பது என்பது பூட்டி வைப்பதா, பிறர்க்குக் கொடுப்பதா?

மறைந்த என் தந்தையார் பாடிய பாடல்களை ஒலிநாடாக்களிலிருந்து கணினிவழி ஒரு வன்தட்டில் ஏற்றி, அல்சூரில் என் இல்லத்து அலமாரியில் பூட்டி வைத்தேன். சேலத்துத் தங்கை ஒரு படி கேட்டபோது அரைமனத்துடனேயே கொடுத்தேன். சென்ற ஆண்டு வன்தட்டு பழுதுற்றது. நாடாக்களோ முன்பே பூஞ்சை பிடித்து அழிந்திருந்தன. தந்தையாரின் குரல் தங்கையிடமிருந்தே எனக்கு மீண்டும் கிடைத்தது.

மூன்று படிகள் வேண்டும். அவை இருவகைச் சாதனங்களில் இருத்தல் வேண்டும். ஒன்றேனும் வேறிடத்தில் இருத்தல் வேண்டும் என்பர் கணினி வல்லார். 2008இல் ஹாலிவுட்டில் யுனிவர்சல் வளாகக் கிடங்கு எரிந்தபோது மூல ஒலிநாடாக்கள் பல அழிந்தன. 1981இல் யாழ்ப்பாண நூலகம் தீக்கிரையானபோது, வேறு படியில்லாத ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின.

ஓலை அழியும் என்று அறிந்தே நம் முன்னோர் தலைமுறைதோறும் படியெடுத்தனர். அப்படிகள் பல இல்லங்களில் பரவிக் கிடந்தமையால்தான் உ.வே.சாமிநாதையர் ஊர்தோறும் தேடி, ஒப்புநோக்கிச் சங்க நூல்களைப் பதிப்பிக்க முடிந்தது.

தந்தையாரின் குரலுக்கு நானே உரியவன் என்று எண்ணியிருந்தேன். காவலன் மட்டுமே என்பதை இன்று உணர்கிறேன். காவலனுக்குக் கொடுப்பதும் கடமையே.