வசனம் யாருக்கு?

ஆண்டின் இறுதி நாள் இரவுத் திருப்பலி முடிந்ததும், தட்டில் வைக்கப்பட்டிருக்கும் சிறு தாள்களில் ஒன்றை எடுத்துக்கொண்டு வீடு திரும்பும் வழக்கம் நம் பங்குகள் பலவற்றில் வேரூன்றிவிட்டது. புத்தாண்டு முழுவதற்கும் இறைவன் நமக்கெனத் தேர்ந்தளித்த வாக்கு அதில் இருப்பதாக நம்புகிறோம். எடுத்த தாளைப் படித்ததும் முகம் மலர்கிறது. எச்சரிக்கை வாக்கு எவருக்கும் வருவதில்லை. தாள்களை அச்சிடுவோர் அவற்றை முன்னரே நீக்கிவிடுகின்றனர்! வேறு சிலர் இன்னும் ஒரு படி மேலே செல்கின்றனர். மகளுக்கு வந்த வரனை ஏற்பதா, இருக்கும் நிலத்தை விற்பதா, மகனை வெளிநாட்டுக்கு அனுப்புவதா என்று தெரியாமல் திகைக்கும் வேளையில், கண்களை மூடி விவிலியத்தைத் திறந்து, விரல் பட்ட வரியில் விடை தேடுகின்றனர்.

இவர்களை எள்ளி நகையாடுவது நம் நோக்கமன்று. நாமும் அவ்வாறு திறந்து பார்த்தவர்களே. புனிதர்களும் திறந்திருக்கிறார்கள். கி.பி. 386ஆம் ஆண்டில் மிலான் நகரத் தோட்டம் ஒன்றில் அழுதுகொண்டிருந்த அகுஸ்தின், குழந்தையின் குரலொன்று கேட்டுப் பவுலின் திருமுகத்தைத் திறந்தார். உரோமையர் திருமுகத்தின் பதின்மூன்றாம் அதிகாரம் அவர் வாழ்வைத் திருப்பியது. அசிசி நகர் பிரான்சிசும் தம்மைப் பின்பற்ற வந்த பெர்நார்துடன் ஆலயத்திற்குச் சென்று நற்செய்தி நூலை மும்முறை திறந்ததாக அவர் வரலாறு கூறுகிறது.

ஆனால் சற்று உற்று நோக்குவோம். அகுஸ்தினின் கை அந்த ஒரு நொடியில் ஏட்டைத் திறந்தது உண்மையே. அதற்கு முன் பல்லாண்டுகள் அவர் நெஞ்சு போராடியிருந்தது. பிரான்சிசுக்குக் கிடைத்த மூன்று பகுதிகளும் உள்ளதை விற்று ஏழைகளுக்குக் கொடு, வழிக்கு எதையும் எடுக்காதே, தன்னலம் துற என்பவை. நமக்கு அத்தகைய வரி வந்திருந்தால் விரல் தவறிவிட்டதென்று மறுமுறை திறந்திருப்போம். நாளை என்ன நடக்கும் என்று அவர்கள் கேட்கவில்லை; இன்று எப்படி வாழ்வது என்று கேட்டார்கள். ஆயரான பின்னர் அகுஸ்தினே, உலகக் காரியங்களுக்காக நற்செய்தி ஏடுகளைக் குறிபார்க்கப் பயன்படுத்துவது தமக்கு உவப்பானதன்று என்று ஒரு மடலில் எழுதினார். இன்றைய பிரான்சு நாட்டின் தென்பகுதியில் 506ஆம் ஆண்டு கூடிய ஆக்து சங்கமும் அவ்வழக்கத்தைத் தடை செய்தது.

தனக்காகத் திறப்பவர் தவறினாலும், அதன் விளைவு பெரும்பாலும் அவரோடு நின்றுவிடும். நம்மை நெடுநாளாக உறுத்திக்கொண்டிருக்கும் வினா வேறு. பிறருடைய துன்பத்திற்கு விடையாக ஒரு வசனத்தை எடுத்து நீட்ட நமக்கு உரிமை உண்டா?

2017ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் குமரிக்கடலில் உருவெடுத்தபோது, தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை முதலிய கடற்கரை ஊர்களின் ஆண்கள் பலர் ஆழ்கடலில் இருந்தனர். சிலர் தாமாகக் கரை சேர்ந்தனர். சிலரது உடல் கிடைத்தது. வேறு பலரைப் பற்றிய செய்தியே வரவில்லை. சாவு வீட்டில் அழுவதற்கு ஓர் உடல் இருக்கும், குழி இருக்கும், எட்டாம் நாள் இருக்கும். இவ்வீடுகளில் அவை ஒன்றும் இல்லை. ஏழாண்டுகள் செய்தியில்லாதவரை இறந்தவராகக் கொள்ளச் சட்டம் இடமளிக்கிறது. கதவைத் தாழிடாமல் உறங்கும் தாய்க்கு எந்தச் சட்டம் ஆண்டுக் கணக்கைச் சொல்லும்?

அத்தகைய வீடொன்றுக்கு நாம் மறு ஆண்டு தவக்காலத்தில் சென்றிருந்தோம். மகனை இழந்த தாய், இல்லை, மகன் திரும்பாத தாய், திண்ணையில் அமர்ந்திருந்தார். என்ன பேசுவதென்று நமக்குத் தெரியவில்லை. அமைதி நீண்டது, அதைத் தாங்க இயலாதவர் அவர் அல்லர், நாமே. ஆகவே, கடவுளை அன்பு செய்வோருக்கு அனைத்தும் நன்மைக்கே அமைகின்றன என்ற உரோமையர் திருமுகக் கருத்தை எடுத்துரைத்தோம். அவர் முழுவதும் கேட்டார். பிறகு, கோபமின்றி, "அவன் இருக்கானா இல்லையான்னு அதுல எழுதியிருக்கா, சார்?" என்றார்.

நாம் வாய் திறக்கவில்லை. வீடு திரும்பும் வழியெல்லாம் அக்கேள்வி உடன் வந்தது. நாம் சொன்னது பொய்யா? இல்லை, திருத்தூதரின் வாக்கு. பின் எங்கே தவறினோம்?

யோபுவின் நண்பர்கள் நினைவுக்கு வந்தனர். அவர்களை நாம் எளிதாகக் குறை கூறிவிடுகிறோம். அவர்கள் தொலைவிலிருந்து வந்தவர்கள். ஏழு பகலும் ஏழு இரவும் யோபுவோடு தரையில் அமர்ந்து ஒரு சொல்லும் பேசாதிருந்தவர்கள். நம்மில் எத்தனை பேர் ஏழு நாழிகை அவ்வாறு அமர்ந்திருப்போம்? வாய் திறந்த பின்னரே அவர்கள் பிழைத்தனர். அப்போதும் அவர்கள் பேசியவற்றுள் பல, தனியே எடுத்துப் பார்த்தால், எந்த மறையுரையிலும் இடம்பெறத் தக்கவை. முதல் நண்பன் எலிப்பாசின் சொற்களில் ஒன்றைப் பவுலடியார் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தில் மறைநூல் வாக்காகவே எடுத்தாள்கிறார். எனினும் நூலின் முடிவில் இறைவன் அந்நண்பர்கள்மீது சினம் கொள்கிறார். தம்மை நேருக்கு நேர் நின்று வழக்காடிய யோபுவே தம்மைப் பற்றிச் சரியாகப் பேசினான் என்கிறார். ஆக, உண்மையான சொல்லும் தவறான வாயில், தவறான வேளையில் பொய்யாகிவிடக்கூடும். பாலைநிலத்தில் அலகையின் வாயிலிருந்து வந்ததும் திருப்பாடலின் வரிகளே அன்றோ?

அன்றிரவு உரோமையர் திருமுகத்தின் எட்டாம் அதிகாரத்தை முதலிலிருந்து படித்தோம். பல முறை படித்த அதிகாரந்தான். நாம் அறுத்தெடுத்த வசனத்திற்குச் சற்று முன்னே, படைப்பு அனைத்தும் பேறுகால வேதனையில் தவித்து முனகுகிறது என்கிறார் பவுல். எப்படி இறைவேண்டல் செய்வது என்றே நமக்குத் தெரியாது என்கிறார். தூய ஆவியாரும் சொல்லில் அடங்காப் பெருமூச்சுகளோடு நமக்காகப் பரிந்து பேசுகிறார் என்கிறார். இத்தனை முனகலையும் கடந்தே அந்த வசனத்துக்கு வந்து சேர்கிறார். நாமோ முனகலை விட்டுவிட்டு முடிவை மட்டும் கொண்டுபோனோம். பவுல் அதைக் கரையில் நின்று எழுதியவரும் அல்லர். அத்திருமுகத்துக்கு முன்னரே மும்முறை கப்பல் சிதைவில் சிக்கியவர். ஓர் இரவும் பகலும் ஆழ்கடலில் அல்லலுற்றவர். அந்தத் திண்ணையில் அமர்ந்து அவ்வாக்கைச் சொல்லப் பவுலுக்குத் தகுதி இருந்தது. நமக்கு இருந்ததா?

அப்படியானால் துன்புறுவோர் வீட்டுக்கு விவிலியத்தைக் கொண்டுசெல்லவே கூடாதா என்று சிலர் கேட்கலாம். நாம் அவ்வாறு கருதவில்லை. விடைகள் மட்டுமே அந்நூலில் உள்ளன என்று நினைப்பதே நம் பிழை. அதில் கேள்விகளும் உள்ளன, முறையீடுகளும் உள்ளன. எண்பத்தெட்டாம் திருப்பாடலை எடுத்துக்கொள்வோம். இறைவனின் அலைகள் தன்னை அமிழ்த்திவிட்டன என்று கதறுகிறான் பாடியவன். ஏனைய புலம்பல் பாடல்கள் பெரும்பாலும் இறுதியில் நம்பிக்கைக்குத் திரும்பும், இது திரும்புவதில்லை. இருளே துணையென்ற நிலையில் முடிந்துவிடுகிறது. இதைத் தொகுப்பிலிருந்து நீக்கிவிட எவருக்கும் துணிவு வரவில்லை. அதுமட்டுமன்று, வெள்ளிக்கிழமைதோறும் இரவுச் செபத்தில் திருச்சபை இதைத் தன் மக்கள் வாயில் வைத்திருக்கிறது. அன்று மன அமைதியோடு இருக்கும் குருவும் கன்னியரும்கூட, அமைதியற்ற யாரோ ஒருவருக்காக அதைச் சொல்லியாக வேண்டும்.

இறைவார்த்தையைக் காலடிக்கு விளக்கு என்கிறது மற்றொரு திருப்பாடல். அக்காலத்து விளக்கு உள்ளங்கையில் அடங்கும் மண் அகல். அடுத்த அடியை வைக்குமளவே அதன் ஒளி. திருப்பாடல் ஆசிரியர் கலங்கரை விளக்கத்தைச் சொல்லவில்லை. தொலைவில் கரை இருக்கிறதா என்று காட்டும் ஒளியை நாம் எதிர்பார்க்கிறோம்; அவர் அறிந்ததோ, இருட்டு இருட்டாகவே இருக்க, ஓரடி மட்டும் தெரியும் வெளிச்சம்.

சில திங்கள் கழித்து அதே ஊரில் அன்பியக் கூட்டமொன்றில் கலந்துகொண்டோம். அந்தத் தாயும் வந்திருந்தார். விவிலியப் பகுதியை வாசிக்க நம்மை அழைத்தார்கள். எண்பத்தெட்டாம் திருப்பாடலை வாசித்தோம். விளக்கம் எதுவும் கூறவில்லை. நடத்துநருக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அடுத்து ஆறுதல் பாடல் ஒன்றைத் தொடங்க முற்பட்டார். அந்தத் தாய் கை காட்டி நிறுத்தினார். "அத இன்னொரு தடவ வாசிங்க, சார்" என்றார். வாசித்தோம். இம்முறை சில வரிகளை அவர் உதடுகளும் உடன் சொல்லின.

நவம்பர் 2ஆம் நாள் அனைத்து ஆன்மாக்கள் நினைவுத் திருப்பலிக்கு ஊரார் தம் இறந்தோர் பெயர்களை எழுதிக் கொடுப்பர். அவர் இன்றுவரை தம் மகனின் பெயரைக் கொடுக்கவில்லை. பங்குத்தந்தையும் கேட்பதில்லை. ஞாயிறு மன்றாட்டுகளில் கடலில் இருப்போருக்காக வேண்டும் இடம் வரும்போது அவர் சற்று நேரம் வாசகத்தை நிறுத்துகிறார். கோவிலின் பெண்கள் பகுதியிலிருந்து ஒரு பெயர் மெல்லிய குரலில் கேட்கிறது.